கொலைகாரர் யாரென்று ஏன் அச்சில் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் தமிழில் வந்த கொலை மர்மப் படங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இந்த மாதிரிப் படங்களைப் பற்றியும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார்களே என்று பாதி வரைக்கும் சந்தோஷமாகத்தான் படித்தேன். அப்புறம் இரண்டு இடத்தில் எரிச்சல் வந்துவிட்டது. ஒன்று, தமிழில் ஒழுங்கான கொலை மர்மப் படம் என்பதே கடந்த பத்துப் பதினைந்து வருஷத்துச் சரக்கு, கொரியப் படமும் மலையாளப் படமும் பார்த்துத்தான் நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள் என்கிற தொனி. இரண்டாவது இதைவிட மோசம். பக்கத்தின் அடியில் கட்டம் கட்டிப் பழைய படங்கள் என்று ஒரு துணுக்கு, அதில் 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்துக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே கொலை செய்தது யார் என்று பெயரோடு போட்டுவிட்டீர்கள்.

எழுபது வருஷத்துக்கு மேல் ஆன படம், இதில் இனி என்ன ரகசியம் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். படம் பழசுதான், ஆனால் அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே "மாமா, ஆளை விடுங்க, எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவாங்க" என்று எழுந்து ஓடுகிற ரகம். பொங்கல் லீவுக்கு வந்திருந்தவளை உட்காரவைத்து, முதல் சில நிமிஷம் மட்டும் பார், பிடிக்கவில்லை என்றால் உன் போனையே பார்த்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். படம் தொடங்கிய சூட்டோடு துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சுருண்டு விழுகிறார், செத்தும் போகிறார். "மாமா, அவர்தானே ஹீரோ? ஹீரோவே செத்துட்டாரு, இனிமே படத்துல என்ன இருக்கு?" என்று கேட்டவள் அதற்குப் பிறகு போனைத் தொடவில்லை. ஒவ்வொரு ஆளாக வந்து போலீஸிடம் பேசப் பேச, இவர்தான், இல்லை அந்தம்மாதான், இல்லவே இல்லை முதலில் சொன்ன ஆள்தான் என்று மாற்றிக்கொண்டே இருந்தாள்.

இதில் வேடிக்கை என் அம்மாதான். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சின்ன வயசிலேயே பார்த்துவிட்ட படம், கொலைகாரர் யார் என்பது நன்றாகத் தெரியும். "பாட்டி, ஒரே ஒரு க்ளூ குடு பாட்டி" என்று பேத்தி கெஞ்சியதற்கு "பேசாம பாருடி" என்றதோடு சரி. கொஞ்ச நேரத்தில் இவள் டிவியை விட்டுவிட்டுப் பாட்டி முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள், எந்த ஆள் திரையில் வரும்போது பாட்டி முகம் மாறுகிறது என்று கண்டுபிடிக்க. அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து, பால் பொங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அடுப்பில் பாலே இல்லை. இத்தனை வருஷமாக எங்கள் அம்மா காப்பாற்றி வந்த விஷயத்தை உங்கள் கட்டுரை போகிற போக்கில் கொட்டிவிட்டுப் போனது என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

லண்டனில் ‘தி மவுஸ்டிராப்’ என்று அகதா கிறிஸ்டியின் நாடகம் 1952இல் மேடையேறியது. நாடகம் முடிந்ததும் நடிகர்களே மேடையில் நின்று, கொலைகாரர் யார் என்பதை வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். நமக்கு அந்த அளவுக்குச் சடங்கு வேண்டாம், எழுதுகிறவர் கொஞ்சம் வாயைக் கட்டினால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வரியில் அடக்கக்கூடிய படம் இல்லை இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது 1943 அக்டோபர் 11ஐ ஒட்டி. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம் அது. ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். எதிர்வீட்டுச் சின்னையா பிள்ளை போலீஸுக்குச் சொல்கிறார். நாயுடு என்ற இன்ஸ்பெக்டரும் சிவானந்தம் என்ற சி.ஐ.டி. அதிகாரியும் விசாரிக்க வருகிறார்கள். ராஜனின் மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனுக்குத் தொடர்பு இருந்த அம்புஜம், அப்புறம் தகவல் சொல்ல வந்த அதே சின்னையா பிள்ளை. இவ்வளவுதான் ஆட்கள். இந்த ஐந்து பேரைத் தாண்டி ஆறாவதாக ஒருவர் திடீரென்று எங்கிருந்தோ வந்து குதிக்கமாட்டார். சீட்டு முழுவதையும் முதலிலேயே மேஜையில் பரப்பிவிடுகிறார்கள்.

இங்கேதான் படத்தின் யோக்கியம் இருக்கிறது. கொலை மர்மக் கதை எழுதுகிறவர் நம்மை ஏமாற்றலாம், ஏமாற்றவேண்டும், அதற்குத்தான் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் பொய் சொல்லி ஏமாற்றக்கூடாது. கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டு, அதைப் பார்க்காதபடி நம் கண்ணை வேறு பக்கம் திருப்பவேண்டும். ‘அந்த நாள்’ இதைத் தொடக்கத்திலேயே செய்கிறது. ரேடியோ இன்ஜினியர், குண்டு விழுந்த சமயம். இந்த இரண்டையும் படம் எடுத்த எடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது குண்டுவீச்சு ஏதோ காலத்தைக் காட்டுவதற்கான திரைச்சீலை மாதிரி தெரியும், ரேடியோ என்பது ஏதோ ஒரு உத்தியோகம். முடிந்த பிறகு திரும்ப யோசித்தால், அடப்பாவி, முதலிலேயே சொல்லியிருக்கிறானே என்று இருக்கும். இதற்கு மேல் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

அந்தக் குண்டுவீச்சும் சும்மா எடுத்துச் சேர்த்த சரித்திரம் இல்லை. 1954இல் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய சொந்த அனுபவம். அதற்கும் முந்தைய வருஷம், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பாதி சென்னை மூட்டை கட்டிக்கொண்டு வெளியூருக்குக் கிளம்பியிருந்தது, தப்பித்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலியை எல்லாம் சுட்டே கொன்றார்கள். ஜப்பான் என்றால் பலருக்குக் கிலி. இன்னொரு பக்கம், ஜப்பான் துணையோடு நேதாஜி வந்து வெள்ளைக்காரனை விரட்டிவிடுவார் என்று நம்பியவர்களும் உண்டு. கதையின் தேதிக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்றுதான், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் ஏராளம். படம் அந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை, ஒரு பக்கமாகத்தான் நின்று பேசுகிறது. அது எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் படுகிறது. தேசபக்தி வசனங்களும் சில இடங்களில் மேடைப்பேச்சு போல நீண்டுவிடுகின்றன. இருந்தாலும், கொலை நடந்த நாளையும் கொலைக்கான காரணத்தையும் ஊரின் நிஜமான பயத்தோடு முடிச்சுப்போட்ட படம் அதற்கு முன்னால் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

விசாரணைக்கு வருவோம். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ராஜனைப் பற்றிச் சொல்கிறார், சொல்லிவிட்டு இன்னொருவரைக் கைகாட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் தம்பியைச் சொல்கிறார், சொத்துப் பங்கு கேட்டு அண்ணனோடு சண்டை போட்டான் என்று. தம்பி யாரைச் சொல்கிறான் என்பதை எழுதமாட்டேன். அந்த இடத்தில் என் அக்கா மகள் "ச்சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா" என்றாள், அதை மட்டும் எழுதிவைக்கிறேன். இப்படியே கை மாறி மாறிப் போய், ஒரு சுற்று சுற்றிக் கடைசியில் புகார் சொல்ல வந்தவர் மேலேயே சந்தேகம் வந்து நிற்கிறது. ஒருவர்கூட நல்லவராக மிஞ்சுவதில்லை, எல்லோருக்கும் அவனைச் சுட ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணமும் பெரிய பழிவாங்கல் எல்லாம் இல்லை. சொத்து, பணம், பொறாமை, வீட்டுக்கு வெளியே ஒரு உறவு, அதாவது எந்தத் தெருவிலும் எந்த வீட்டிலும் இருக்கிற சங்கதிகள்.

கவனித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் சொல்கிறவர் மட்டும் ரொம்ப யோக்கியர். தப்பெல்லாம் மற்றவர்கள் பக்கம். ஆகவே நாம் பார்க்கிற பழைய காட்சிகள் ராஜனைப் பற்றிச் சொல்வதைவிட, அதைச் சொல்கிறவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. முதல் தடவை பார்க்கும்போது கொலைகாரரைத் தேடுகிற அவசரத்தில் இது தெரியாது. இரண்டாம் தடவை பார்க்கும்போது, கொலைகாரர் யாரென்று தெரிந்த பிறகு, மனசு சாவகாசமாக இதையெல்லாம் பார்க்கும். எனக்கு இரண்டாம் தடவைதான் படம் இன்னும் பிடித்தது.

இதை ‘ராஷோமான்’ என்ற ஜப்பானியப் படத்தின் காப்பி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, உங்கள் துணுக்கிலும் அந்த வாடை இருந்தது. படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர், 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் குரோசவாவின் அந்தப் படத்தைப் பார்த்து அசந்துபோனார் என்பது பலரும் சொல்லும் செய்திதான். ஆனால் ராஷோமானில் ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாது, எது உண்மை என்பதே கேள்வியாக நின்றுவிடும். இங்கே ஒவ்வொருவரும் சொல்வது வேறு வேறு சம்பவம், எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு உண்மை கிடைக்கும், கொலைகாரர் கண்டிப்பாகப் பிடிபடுவார். பார்க்கப்போனால் 1950இல் இங்கிலாந்தில் வந்த ‘தி உமன் இன் குவெஸ்சன்’ படம்தான் இதற்கு இன்னும் நெருக்கம், செத்துப்போன ஒரு பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுபடுத்துவார்கள். எங்கேயிருந்து பொறி வந்தால் என்ன, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையையும் எதிர்வீட்டு வம்பையும் சென்னைக் குண்டுவீச்சையும் அதில் கொண்டுவந்து வைத்தது நம் ஆட்கள்தானே.

திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்ததும் அவரேதான். நமக்கு அவரைக் கட்டபொம்மன் படத்தில் வரும் வெள்ளைக்கார அதிகாரி பானர்மேனாகத்தான் அதிகம் ஞாபகம் இருக்கும். இதில் மேஜையைக் குத்துவது, சட்டையைப் பிடிப்பது எதுவும் கிடையாது. கேள்வி கேட்கிறார், கேட்டுவிட்டு எதிராளியைப் பேசவிடுகிறார். செல்போன் டவர், சிசிடிவி எதுவும் இல்லாத காலம், மனுஷர் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். அதனால் வசனம்தான் படத்தின் தடயம். பேச்சுவாக்கில் யாரோ சொன்ன ஒரு சின்ன வார்த்தைக்குப் பின்னால் அர்த்தம் இருக்கும். ஒளிப்பதிவு மாருதி ராவ். வெளிச்சத்தை விட நிழலைத்தான் நம்பியிருக்கிறார், பாதி முகம் இருட்டில் இருக்கும், யார் முகத்தையும் முழுசாக நம்ப முடியாது.

சிவாஜியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ‘பராசக்தி’ 1952 அக்டோபரில் வந்தது, ‘மனோகரா’ 1954 மார்ச்சில் வந்தது. சங்கிலியால் கட்டப்பட்டு நின்று அவர் முழங்கிய வசனம் ஊர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, சரியாக அடுத்த மாதம் 13ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி இந்தப் படம் வருகிறது. அதே சிவாஜி, ‘பராசக்தி’யில் ஜோடியாக வந்த அதே பண்டரிபாய் மனைவி, எதிர்பார்த்துப் போனவர்களுக்கு எடுத்தவுடனே பிணம். முழக்கமும் இல்லை. தம்பிக்குக் கையை விரிக்கிற அண்ணனாக, அம்புஜத்துக்குச் சரசக்காரனாக, மனைவிக்கு வேறொரு ஆளாக, சொல்கிறவர் மாற மாற இவரும் மாறவேண்டும், ஆனால் எல்லாம் ஒரே ஆள் என்று நாம் நம்பவேண்டும். குரலை ஏற்றி இறக்கிக் கைதட்டு வாங்குவதைவிட இது கஷ்டமான வேலை. இவ்வளவுக்கும் இந்த வேஷத்துக்கு முதலில் போட்டது இவரை இல்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்துப் படப்பிடிப்பு நடந்தது, எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லாமல் சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தார்கள். அந்த விஸ்வநாதனும் லேசுப்பட்டவர் இல்லை, பிற்பாடு சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார், ‘மூன்று முடிச்சு’ படத்தில் ஸ்ரீதேவியைக் கல்யாணம் செய்துகொள்கிற பெரியவர் அவர்தான்.

மற்றவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது சின்னையா பிள்ளையாக வரும் பி.டி. சம்பந்தம். அடுத்த வீட்டு விவகாரம் எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாத மாதிரிப் பேசி, கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஒரு ஆள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு இல்லையா, அவர் அச்சு அசலாக அந்த ஆள். பட்டாபியாக டி.கே. பாலசந்திரன், ஹேமாவாக மேனகா, அம்புஜமாக சூர்யகலா, யாரும் சோடை இல்லை.

அப்புறம் பாட்டு. ஒரு பாட்டு இல்லை, ஒரு நடனம் இல்லை, ஒரு சண்டை இல்லை. பேசும்படம் வந்த பிறகு தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். பாட்டே படம் என்று இருந்த காலத்தில் இதைச் செய்தவர் யார் தெரியுமா? வீணை வித்வானாகப் பேர்பெற்ற அதே எஸ். பாலசந்தர்தான். சங்கீதம் தெரியாதவர் பாட்டு வேண்டாம் என்று சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. ஏழு வயசில் 1934இல் ‘சீதா கல்யாண’த்தில் குடும்பத்தோடு நடிக்க வந்த பிள்ளை, பிற்காலத்தில் வீணைக்காகப் பத்மபூஷண் வாங்கிய மனுஷர், இந்தக் கதைக்குப் பாட்டு தேவையில்லை என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கு வயசு 27. விசாரணை நடக்கிற நேரத்தில் நாலு நிமிஷம் பாட்டுக்கு இடம் விட்டால், பார்க்கிறவர் மனசில் கட்டிவைத்த கணக்கெல்லாம் கலைந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் மர்மப் படத்தின் நடுவில் ஒரு பாட்டு வந்தால் ஜனங்கள் வெளியே போய் முட்டை போண்டா வாங்கிக்கொண்டு வருகிறார்கள், ஆனாலும் வைக்கிறார்கள். (பாட்டோடு வந்தும் மர்மம் கெடாத படம் இல்லாமல் இல்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

ஜனங்கள் அப்போது இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டில்லை, ஹீரோவை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டார்கள் என்று வந்தவர்களுக்குக் கோபம், முதல் ஓட்டத்தில் படம் போகவில்லை. அந்த வருஷத்துத் தேசிய விருதில் தமிழுக்கான வெள்ளிப்பதக்கம் ‘மலைக்கள்ள’னுக்குப் போயிற்று, ‘அந்த நா’ளுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மலைக்கள்ளனும் நல்ல படம்தான், சண்டை போட வரவில்லை. பாலசந்தர் அதற்குப் பிறகும் இந்த வழியை விடவில்லை. 1964இல் ‘பொம்மை’, 1970இல் ‘நடு இரவில்’. பின்னதில் ஒரு பணக்காரர் தன் சொந்தக்காரர்களைப் பங்களாவுக்குக் கூப்பிட, அங்கே ஒவ்வொருவராகச் சாவார்கள், கிடைத்தால் தனியாக உட்கார்ந்து ராத்திரியில் பாருங்கள். பிறகு சினிமாவை விட்டு வீணையோடு இருந்துவிட்டார். அவர் காலமானது 1990 ஏப்ரல் 13, ‘அந்த நாள்’ வெளியான அதே தேதி.

இப்போது உங்கள் கட்டுரையின் முதல் விஷயம், இதெல்லாம் நமக்குப் புதுசு என்பது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளி, வீட்டில் அவற்றை ஒளித்துவைத்துப் படித்த ஒரு தலைமுறையே இங்கே இருந்தது. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமாகவும் வந்தது, நம்பியார்தான் கதாநாயகன். அப்புறம் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்த என்னை மாதிரி ஆளிடம் வந்து தமிழனுக்குக் கொலை மர்மம் தெரியாது என்றால் எப்படி?

இப்போது வருகிற படங்களைக் குறைசொல்ல வரவில்லை. 2016 கடைசியில் வந்த ‘துருவங்கள் பதினாறு’ படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன், இருபது வயசு தாண்டிய ஒரு பையன் இதை எடுத்திருக்கிறான் என்று கேட்டபோது பாலசந்தர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் பல படங்கள் இப்போது ஒரு அச்சில் வார்த்த மாதிரி வருகின்றன. இடைவேளை வரைக்கும் நாலைந்து பேர் மேல் சந்தேகம் வரும், யாரைக் காட்டினாலும் பின்னணியில் வயலின் கிறீச்சிடும், கடைசியில் பார்த்தால் கொலைகாரர் அதுவரை முகமே காட்டாத ஒருவர். அவருக்குச் சின்ன வயசில் நேர்ந்த கொடுமையை இருபது நிமிஷம் காட்டுவார்கள், நாம் இரக்கப்படவேண்டுமாம். நான் இவ்வளவு நேரம் மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கப் பார்த்தேனே, அந்த உழைப்புக்கு என்ன மரியாதை? கொலையைக் கொடூரமாகக் காட்டுவதில் செலவழிக்கிற நேரத்தில் பாதியைச் செத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டுவதில் செலவழிக்கலாம். ‘அந்த நா’ளில் ராஜன் செத்துக்கொண்டே இருப்பதில்லை, செத்த பிறகு படம் முழுக்க வாழ்கிறான், அதனால்தான் அவனைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே இரண்டு கோரிக்கை. கட்டத்துக்குள் ஒரு வரியாகப் போட்ட ‘அந்த நா’ளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தெரிந்த யாரையாவது எழுதச் சொல்லுங்கள், என்னை மாதிரி வெறும் ரசிகன் எழுதுவதற்கு ஒரு எல்லை உண்டு.

அடுத்தது அவசரம். வரும் ஞாயிறு இதே பகுதியில் ‘புதிய பறவை’ பற்றி வரப்போவதாகக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பாட்டோடு வந்தும் மர்மம் கெடாத படம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கப்பலைப் பற்றி எழுதுங்கள், ஊட்டி வீட்டைப் பற்றி எழுதுங்கள், ‘எங்கே நிம்மதி’க்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், எம்.ஆர். ராதாவுக்கும் சௌகார் ஜானகிக்கும் தாராளமாக இடம் கொடுங்கள். கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் தொடாதீர்கள். என் அக்கா மகள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை, உங்கள் பேப்பர் எங்கள் வீட்டுக்கு ஆறு மணிக்கே வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
விருதுநகர்